துரு போகட்டும், இரும்பு நிற்கட்டும்



ஆஸ்திரியா நாட்டில் சால்ஸ்பர்க் நகருக்கு அருகே ஹாலைன் என்றோர் ஊர் இருக்கிறது. 'சைலன்ட் நைட்' என்னும் கிறிஸ்து பிறப்புப் பாடலுக்கு இசையமைத்த பிரான்ஸ் சேவர் குரூபர் 1863-இல் மறைந்தது அங்கேதான். அதே ஊரின் எம்கோ நிறுவனம் 1950-களில் யூனிமாட் என்ற குட்டி லேத்தைச் செய்து விற்றது. சாப்பாட்டு மேசையிலேயே வைத்து இரும்பையும் பித்தளையையும் கடையலாம். பொம்மை ரயில் எஞ்சின் போன்றவற்றை வீட்டில் செய்வோர் அதை விரும்பினார்கள். இன்றும் அதைத் தேடி வாங்கிச் சீர்செய்கிறவர்கள் உண்டு. அவர்களோடு நாமும் சற்று அமர்வோம்.

வாங்கும்போது பெயின்ட்டின் பளபளப்பைப் பார்த்தால் போதாது. யூனிமாட்டில் 2 உருண்டை எஃகுக் கம்பிகள் உண்டு. வெட்டும் உளியைத் தாங்கும் பாகம் அவற்றின்மீதுதான் நகர்கிறது. அதை முனைக்கு முனை மெல்ல நகர்த்திப் பார்க்கிறோம். ஓரிடத்தில் ஆட்டமும் ஓரிடத்தில் இறுக்கமும் தெரிந்தால், கம்பி தேய்ந்திருக்கலாம், வளைந்தும் இருக்கலாம். சுழலும் தண்டைக் கையால் சுற்றுகிறோம். நறநறவென்றால் பேரிங்கைக் கவனிக்க வேண்டும். ஒயரின் உறை வெடித்திருந்தால், எலக்ட்ரீஷியன் பார்க்கும்வரை சுவிட்சைத் தொடக்கூடாது.

அடுத்தது சுத்தம் செய்வது. இங்கேதான் கை அவசரப்படும். கம்பியில் பழுப்பு நிறம் கண்டதும் முரட்டு எமரித் தாளால் தேய்க்கத் தோன்றும். தேய்த்தால் பளபளக்கும், ஆனால் துருவோடு கம்பியும் குறையும். பிறகு அந்த லேத் நேராகக் கடையாது. விவரம் அறிந்தவர் எண்ணெய் விட்டு ஊறவைத்து, துணியால் துடைக்கிறார். கறை மிஞ்சினால் விட்டுவிடுகிறார். கறை வேலையைக் கெடுப்பதில்லை. ஒட்டிக்கொண்ட பாகத்தைச் சுத்தியலால் அடிப்பதுமில்லை. பல பாகங்கள் துத்தநாகக் கலவை வார்ப்பு, அடித்தால் உடையும். எண்ணெய் விட்டு மறுநாள்வரை காத்திருக்கிறார்.

அன்பார்ந்தவர்களே, குடியை விட்டு வீடு திரும்பிய ஒருவர் நம்மிடையே இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சோற்றைப் பரிமாறும்போதே அவருடைய பழைய கதையையும் எடுக்கிறோம். விருந்தினர் முன்னால் ஒருமுறை, பிள்ளைகள் முன்னால் இன்னொரு முறை. அவர் திருந்த வேண்டும் என்பதே நம் எண்ணம். ஆனால் ஒவ்வொரு தேய்ப்பிலும் அவருடைய தன்மானமும் சேர்ந்து உதிர்கிறது. தேய்த்தெடுத்த இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது.

ஆகவே இன்று ஒருவரைத் திருத்த வாய் திறக்கும்முன், நம் கண்ணில் படுவது துருவா, வெறும் கறையா என்று கேட்டுப் பார்ப்போம். துருவானால், பொறுமையாக எண்ணெய் விடுவோம். கறையானால், அப்படியே இருக்கட்டும்.