ஐந்தெழுத்து ஊரும் ஏழு கேள்விக்குறியும்



இரணைமடு என்னும் பெயரை அறியாதார் வன்னியில் இலர். கனகராயன் ஆற்றை மறித்து அமைந்த அக்குளத்தின் வேலை 1902ஆம் ஆண்டிலே தொடங்கி 1920களில் நிறைவெய்தியதென்பர். இரணை என்றால் எம்மூர் வழக்கில் இரட்டை. ஒருங்கே பிறந்த குழந்தைகளை இரணைப் பிள்ளைகள் என்போம். குளத்து நீரைப் பற்றியும், அந்நீரால் விளையும் நெல்லைப் பற்றியும் அறிந்தோர் பலர் பேசியிருக்கின்றனர். நான் இன்று பேச வந்தது அக்குளத்தின் பெயரைப் பற்றி. அப்பெயரைக் கணினியில் எழுதி, இணையத்தின் வழியாக ஓர் அலுவலகத்துக்கு அனுப்ப முயன்றபோது அது பட்ட பாட்டைப் பற்றியே சில வார்த்தைகள் சொல்லவேண்டும்.

2018ஆம் ஆண்டு டிசெம்பர் மாதப் பிற்பகுதியில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களை மூடிய வெள்ளம் நேயர்களுக்கு நினைவிருக்கும். அவ்வெள்ளத்தில் என் அயலவர் ஒருவரின் பெரும்போக வயல் முழுவதும் நீருள் ஆழ்ந்தது. அவர் வயதில் எனக்கு மூத்தவர். நான் அவரை அண்ணை என்பேன், அவர் என்னை மாஸ்டர் என்பார். அழிவுக்கணக்கிலே அவருடைய காணி விடுபட்டுப்போயிற்று. மேன்முறையீடு செய்ய விரும்புவோர் இன்ன திகதிக்கு முன் இணையப் படிவத்தில் எழுதி அனுப்பலாமென்று ஓர் அலுவலகம் அறிவித்தது. அதன் பெயர் இங்கு வேண்டாம். அண்ணை நகரத்திலுள்ள ஒரு கொமினிக்கேசன் கடைக்குப் போனார். கடைத்தம்பி அவர் சொல்லச் சொல்ல முறைப்பாட்டை அழகாகத் தட்டச்சிட்டான். பின்னர் அதனைப் பிரதிசெய்து உலாவியிலே திறந்திருந்த படிவத்தில் ஒட்டினான். ஒட்டியதுதான் தாமதம், தமிழ் மறைந்து ஆங்கில எழுத்துக்களின் குப்பை நின்றது. குரோம் உலாவியை மூடிப் பயர்பொக்ஸைத் திறந்தான், அங்கும் அதுவே. "எங்கட கணினியிலதான் இப்பிடித் தெரியுது ஐயா, அங்கை போனால் சரியாத் தெரியும்" என்று தேற்றி அனுப்பிவிட்டான். மூன்று நாளில் மறுமொழி வந்தது: விளங்கக்கூடிய மொழியில் எழுதி அனுப்புக.

அண்ணை அந்தத் தாளை என் கையிலே தந்து கேட்ட கேள்வி இது: "மாஸ்டர், என்ர எழுத்துப் பிழையோ, அவையின்ர பெட்டி பிழையோ?"

நல்ல கேள்வி. விடை சொல்வதற்கு, எழுத்து கணினிக்குள் எவ்வாறு தங்குகின்றதென்று சிறிது பார்க்கவேண்டும்.

கடைத்தம்பி பயன்படுத்தியது பாமினி என்னும் எழுத்துரு. இலங்கைத் தமிழரின் அச்சுக்கூடங்களிலும் அலுவலகங்களிலும் நெடுங்காலம் ஆட்சி செலுத்திய எழுத்துரு அது. இன்றும் அதனைப் பயன்படுத்துவோர் உளர். ஆனால் பாமினியில் எழுதும்போது கணினியின் நினைவிலே தமிழெழுத்து எதுவும் பதிவதில்லை. ஆங்கில எழுத்தே பதிகின்றது. அதன்மேலே தமிழ் உருவம் ஒரு வேடமாகப் போர்த்தப்படுகின்றது. இரணைமடு என்று எழுத நாம் அழுத்தும் விசைகள் எவையெனின், முதலிற் காற்புள்ளி, அடுத்து யூ, ஐ, இசெட், கே, ஈற்றிலே பெரிய எல். ஆறு விசைகள். பாமினியிலே காற்புள்ளிதான் இகரம். ஆகவே இரணைமடு மட்டுமன்று, இலங்கை என்ற சொல்லும் காற்புள்ளியிலேதான் தொடங்குகின்றது! காற்புள்ளியிட்டுப் பிரித்த பட்டியலாகத் தரவுகளைச் சேமிக்கும் நிரல்களிடம் இப்பெயர் அகப்பட்டால், தலையெழுத்து வெட்டுண்டு வேறாகவும் உடல் வேறாகவும் கிடக்கும்.

சொற்செயலியில் வேடம் நிலைத்து நிற்கும். ஏனெனில் எந்த எழுத்துரு என்ற குறிப்பும் அங்கே சொல்லோடு கூடவே இருக்கின்றது. இணையப் படிவத்தின் பெட்டி அக்குறிப்பை ஏற்பதில்லை. எழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போர்வையைக் களைந்துவிடும். உலாவியை மாற்றுவதாற் பயனில்லை. பெட்டிக்குள் ஒட்டிய தமிழ் ஆங்கிலக் குப்பையாக மாறினால் அது உலாவியின் குற்றமன்று. அங்கே தமிழ் முதலிலேயே இருக்கவில்லை என்பதே பொருள்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. வாக்கியத்தின் முதலெழுத்தைத் தாமாகவே பெரிய எழுத்தாக்கும் பழக்கம் சொற்செயலிகளுக்கு உண்டல்லவா? பாமினியிற் சிறிய ஜே தகரம், பெரிய ஜே துகரம். எனவே தமிழ் என்று தொடங்கிய வாக்கியம் துமிழ் என்று ஆகிவிடும். இதனைத் தட்டச்சாளர் பிழையென்று கருதி எத்தனை பேர் அவர்களைக் கடிந்திருப்பார்களோ!

எல்லா மொழியெழுத்துக்கும் தனித்தனி எண் வழங்கும் ஒருங்குறி என்ற ஏற்பாடு 1991ஆம் ஆண்டிலேயே தமிழையும் சேர்த்துக்கொண்டு வெளிவந்தது. ஆயினும் அது எமது மேசைக்கு வந்துசேரப் பல்லாண்டு சென்றது. இடைக்காலத்திலே ஒவ்வொரு தமிழ் இணையத்தளமும் தனக்கென ஓர் எழுத்துரு வைத்திருந்தது. பத்திரிகை படிக்க வேண்டுமாயின் முதலில் அப்பத்திரிகையின் எழுத்துருவை இறக்கிக்கொள்ள வேண்டும். மற்றொன்றைப் படிக்க மற்றொன்று. 1997ஆம் ஆண்டில் வந்த நெற்ஸ்கேப், இன்ரநெற் எக்ஸ்புளோரர் என்னும் உலாவிகளின் நான்காம் பதிப்புக்கள் எழுத்துருவைப் பக்கத்தோடு தாமே வருவிக்கக் கற்றன. ஆனால் இரண்டும் வெவ்வேறு முறையைக் கைக்கொண்டமையால், ஒன்றுக்குச் செய்த ஏற்பாடு மற்றதிற் செல்லவில்லை. இக்குழப்பத்தைத் தீர்க்கவே 1997இற் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முதலியோரின் முயற்சியாலும், பின்னர் 1999இற் சென்னையிலும் தமிழ் இணைய மாநாடுகள் கூடின. சென்னை மாநாட்டின் பேறு தமிழ் 99 என்னும் விசைப்பலகை. இலங்கையில் தமிழ்க் குறியீட்டுக்கான நியமம் 2008ஆம் ஆண்டிலே வகுக்கப்பட்டது.

ஒருங்குறி வந்த பின்னரும் தொல்லை ஒழிந்ததா? இல்லை. ணை என்னும் எழுத்தைப் பாருங்கள். கையால் எழுதும்போது ஐகாரக் குறியை முன்னும் ணகரத்தைப் பின்னும் எழுதுகின்றோம். பாமினியும் அவ்வாறே. ஒருங்குறியோ ஒலிமுறையைப் பின்பற்றி ணகரத்தை முன்னும் ஐகாரக் குறியைப் பின்னும் சேமிக்கின்றது. திரையிலே காட்டும்போது குறியைத் தூக்கி முன்னே வைப்பது கணினியின் கடமை. விண்டோஸ் எக்ஸ்பீ காலத்தில் இக்கடமையைச் செய்விக்க, அமைப்புக்களுட் புகுந்து ஒரு கட்டத்திலே சரியடையாளம் இடவேண்டியிருந்தது. இடாதார் கணினியிலே குறிகள் இடம்மாறிக் கிடந்தன. முதற்கால அண்ட்ரொயிட் கைப்பேசிகள் பலவற்றில் தமிழ் வெறும் பெட்டிகளாகவே தோன்றிற்று. அக்காலத்தில் ஒப்பெரா மினி என்னும் உலாவியின் உள்ளமைப்புப் பக்கத்திலே, சிக்கலான எழுத்துக்களைப் படமாக்கித் தருக என்றொரு தெரிவு இருந்தது. அதனை ஆமென்று மாற்றினால், எங்கோ தொலைவிலுள்ள வழங்கி தமிழைப் படமாக வரைந்து அனுப்பும். பெயர் தெரியாத எத்தனையோ இளைஞர் இவ்வுபாயத்தை வாய்மொழியாக ஒருவருக்கொருவர் சொல்லிப் பரப்பினர். தமிழ் கைப்பேசியில் ஏறிய வரலாற்றை யாரேனும் எழுதுவார்களாயின், அவ்விளைஞருக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கவேண்டும்.

அண்ணையின் கதைக்குத் திரும்புவோம். முடிவுத் திகதிக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. பாமினியில் எழுதியதை மீண்டும் தட்டச்சிட வேண்டியதில்லை. அதனை ஒருங்குறியாக மாற்றித்தரும் கருவிகள் இணையத்திற் கிடைக்கின்றன. சுரதா யாழ்வாணன் ஆக்கியளித்த மாற்றியை எம்மவர் பலரும் அறிவர். கடைத்தம்பியின் கோப்பை அவ்வாறு மாற்றி, எழுத்து எழுத்தாகச் சரிபார்த்து, படிவத்தில் ஒட்டினோம். பெட்டியிலே தமிழ் தமிழாகவே நின்றது. அண்ணையின் முகம் மலர்ந்தது. அனுப்பினோம். சற்றுநேரத்தில், தங்கள் முறைப்பாடு கிடைத்தது என்ற அறிவிப்போடு நாம் எழுதியதன் பிரதியும் மின்னஞ்சலில் வந்தது. முதல்வரியில் ஊர்ப்பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஏழு கேள்விக்குறிகள்.

ஏழு என்ற எண்ணைக் கண்டதும் எனக்கு விடயம் விளங்கிற்று. இரணைமடு கண்ணுக்கு ஐந்தெழுத்து. ஒருங்குறியிலோ இகரம், ரகரம், ணகரம், ஐகாரக் குறி, மகரம், டகரம், உகரக் குறியென ஏழு எண்கள். ஏழுக்கு ஏழு கேள்விக்குறி நின்றதென்றால், எங்கள் எழுத்து பிழையின்றி அலுவலகத்தின் வாசல்வரை போயிருக்கின்றது. அங்கேயுள்ள சேமிப்புப் பெட்டகம் ஆங்கிலத்துக்கு மட்டுமென அமைக்கப்பட்டது போலும். தனக்குத் தெரியாத ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிட்டது. அண்ணையின் வினாவுக்கு முதன்முறை விடை எழுத்துப் பிழை. இரண்டாம்முறை விடை பெட்டி பிழை.

இவ்விடத்தில் நேயர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்வது நன்று. கேள்விக்குறி கண்டால் எழுத்து அழிந்துவிட்டது. எந்த உலாவியாலும் அதனை மீட்க இயலாது. ஆனால் தலையிலே சாய்கோடு தாங்கிய ஆங்கில ஏகாரமும் அதனையடுத்து வட்டத்துள் அடைபட்ட ஆர் எழுத்தும் திரும்பத் திரும்ப வருமாயின் அஞ்சவேண்டியதில்லை. தமிழின் ஒவ்வோர் எண்ணும் இணையத்திலே மூன்று துண்டுகளாகப் பயணம் செய்கின்றது. இரணைமடு இருபத்தொரு துண்டு. அத்துண்டுகளை மூன்று மூன்றாகச் சேர்த்து வாசியாமல் தனித்தனியே வாசித்ததன் விளைவே அக்கோலம். துண்டுகள் நலமாகவே இருக்கின்றன. பயர்பொக்ஸின் பார்வைப் பட்டியலில் எழுத்துக் குறியாக்கத்தைச் செப்பனிடும் கட்டளை இதற்கென்றே இருக்கின்றது. வெற்றுப் பெட்டிகள் தோன்றினால் எழுத்துரு இல்லை, எழுத்து இருக்கின்றது. புள்ளிகளாலான வட்டத்தின்மீது கொம்போ காலோ தொங்கினால், குறிக்கு முன் வரவேண்டிய மெய் விடுபட்டிருக்கும், அல்லது முறைமாறித் தட்டச்சிட்டிருக்கும். முகவரிப் பட்டையிலிருந்து தமிழ் முகவரியைப் பிரதிசெய்தால் விழுக்காட்டுக் குறிகள் கொத்தாக வருவதும் நோயன்று. அந்த மூன்று துண்டுகளின் மறுவடிவமே. ஆனால் இரணைமடு என்ற ஒரு சொல்லே அப்போது அறுபத்துமூன்று குறிகளாக நீண்டுவிடும். இத்தனை எழுத்துக்கு மேல் எழுதலாகாது என்று வரையறுத்த படிவங்களில் இதனாற் சங்கடம் நேரலாம். குறுஞ்செய்தியிலும் நமக்கு இடம் குறைவுதான். ஆங்கிலத்துக்கு 160, தமிழுக்கு 70.

கண்ணை ஏமாற்றும் பிழைகள் இவற்றினும் கொடியன. ஒளகார நெடிலைக் குறிக்குங்கால் ஒற்றைக்கொம்பின் பின் ளகர எழுத்தைத் தட்டச்சிடுவோர் உளர். பார்வைக்கு வேறுபாடு தோன்றாது. கணினிக்கு அது வேறு சொல். காலுக்குப் பதிலாக ரகரத்தை இடுவதும் அவ்வாறே. இத்தகைய பிழையோடு பெயரொன்று பதிவேட்டில் ஏறிவிட்டால், பிற்காலத்தில் தேடுவோர்க்கு அப்பெயருடையார் இல்லையென்றே விடை வரும். ஆள் முன்னே நிற்பார்; பதிவிலே இரார்.

இவ்வளவையும் அண்ணைக்கு நான் விரித்துரைக்கவில்லை. தமிழும் ஆட்சிமொழியென்று அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தால் 1987இல் ஆயிற்று என்பதை மட்டும் சொன்னேன். "அப்ப அந்தப் பெட்டிக்கு அது தெரியாதோ?" என்றார். நான் விடை கூறவில்லை. ஒரு முழுத்தாளில் அவர் தம் கைப்பட முறைப்பாட்டை எழுதினார். அவருடைய கையெழுத்து பழைய பள்ளிக்கூடத்து எழுத்து. ணகரத்தின்மேல் ஐகாரத்தை யானைத் துதிக்கைபோல் வளைத்தெழுதும் முன்னாளைய முறை. அதனைக் கைப்பேசியாற் படம்பிடித்துப் படிவத்தோடு இணைத்தோம். பெட்டிக்குள், இணைப்பைப் பார்க்கவும் என்று ஆங்கிலத்தில் ஒரே வரி. படம் எழுத்துக் குறியாக்கம் எதனையும் நம்பி நிற்பதன்று, போய்ச்சேரும். அது போதாதென்று, மூலத்தாளைப் பதிவுத்தபாலிலும் சேர்த்தார். கேள்விக்குறிகள் வந்த மின்னஞ்சலையும் அச்சிட்டு அதனோடு வைக்கச் சொன்னேன். அவர்களுடைய பெட்டியின் குறை அவர்களுக்குத் தெரியவேண்டுமல்லவா?

ஆறு வாரத்தின் பின் ஓர் உத்தியோகத்தர் வயலைப் பார்க்க வந்தார். படிவத்தைத் திருத்தும்படி எழுதியிருப்பதாகவும், அது தம் கையில் இல்லையென்றும் சொன்னார். காணியின் பெயரும் அண்ணையின் பெயரும் அவர் கொண்டுவந்த பட்டியலிலே பேனையால் எழுதப்பட்டிருந்தன.

இப்போது அண்ணையிடம் ஒரு கைப்பேசி இருக்கின்றது. அதில் ஒருங்குறி விசைப்பலகையை நிறுவிக் கொடுத்தேன். முதலில் எழுதிப் பழகியது ஊர்ப்பெயரைத்தான். ணகரத்தை அழுத்திவிட்டு, ஐகாரக் குறி அதற்கு முன்னே தாவி உட்காருவதைப் பார்த்து ஒருதரம் சிரித்தார். பின் அழித்துவிட்டு மறுபடியும் எழுதினார்.