பெயர்ப்பலகைக்குப் பின்னால்: இலங்கைச் சுப்பர் மார்க்கெட்டுகளும் அவற்றின் வர்த்தகநாமக் கலையும்

ஒரு பண்டத்தையோ நிறுவனத்தையோ அதன் போட்டியாளரிடமிருந்து பிரித்துக்காட்டி, வாங்குபவர் மனத்தில் நிலைநிறுத்தும் பெயர், நிறம், எழுத்து வடிவம், சொல்லாமற் சொல்லும் வாக்குறுதி ஆகியவற்றின் கூட்டு வணிகத் துறையில் வர்த்தகநாமம் எனப்படுகின்றது. சவர்க்காரத்துக்கோ தேயிலைக்கோ இத்தகைய நாமத்தைக் கட்டியெழுப்புவது ஒப்பளவில் எளிது. பொதியினுள் இருப்பதன் மணமும் சுவையும் அதற்குச் சாட்சி கூறிவிடும். சுப்பர் மார்க்கெட்டுக்கு அந்த வசதி இல்லை. இலங்கையில் பொதியிடப்பட்ட பண்டங்களிற் பெரும்பாலானவற்றின்மீது அதிகூடிய சில்லறை விலை அச்சிடப்பட்டிருப்பதால், ஒரே பால்மாவும் ஒரே பிஸ்கட்டும் ஒரே பற்பசையும் எல்லாக் கடைகளிலும் ஏறத்தாழ ஒரே விலைக்குக் கிடைக்கின்றன. அவ்வாறிருக்க, வாடிக்கையாளர் ஒரு கடையைத் தாண்டி இன்னொரு கடைக்குப் போவதற்கான காரணத்தைக் கடையே உண்டாக்கிக்கொள்ள வேண்டியுள்ளது. அந்தக் காரணத்தை ஒவ்வொரு நிறுவனமும் எங்கிருந்து எடுத்தது என்று பார்ப்பதே கார்கில்ஸ், கீல்ஸ், ஆர்பிகோ, சதொச ஆகியவற்றை ஒப்பிட்டு மதிப்பிடுவதற்கான நேர்வழி.

இவற்றுள் மூத்தது கார்கில்ஸ். வில்லியம் மில்லர், டேவிட் சைம் கார்கில் ஆகியோரின் பெயர்களோடு 1844 இல் கண்டியில் ஆரம்பித்த இறக்குமதி, மொத்த வணிகத்திலிருந்து வளர்ந்த இந்நிறுவனம், தோட்டத்துரைமாருக்கும் குடியேற்ற நாட்டு அதிகாரிகளுக்கும் ஐரோப்பியப் பண்டங்களை விற்ற இடமாகவே நெடுங்காலம் அறியப்பட்டிருந்தது. கொழும்புக் கோட்டையில் யோர்க் வீதியில் 1906 இல் எழுந்த அதன் செந்நிறக் கட்டடம் இன்றும் அந்தக் காலத்தின் தோரணையோடு நிற்கின்றது. சாதாரண குடும்பத்தினர் படியேறத் தயங்கிய அக்கடையின் நிருவாகத்தை 1981 இல் திரைப்படத் துறையைச் சேர்ந்த சிலோன் தியேட்டர்ஸ் நிறுவனம் கைப்பற்றியது என்பது விந்தையான செய்தியாயினும், பின்னர் நடந்தவற்றுக்கு அதுவே வழிதிறந்தது எனலாம். திரையரங்கு நடத்துபவர்களுக்குக் கூட்டத்தின் சுவை தெரியும். தமிழர் நினைவில் முற்றிலும் வேறு காரணத்தால், இனவன்முறையால், பதிந்துள்ள 1983 ஆம் ஆண்டிலே, கொழும்பு ஸ்டேபிள் வீதியில் முதலாவது ‘பூட் சிற்றி’ திறக்கப்பட்டது. பழைய பெயரின் கௌரவத்தைக் கைவிடாமல், அதன் பின்னே உணவைக் குறிக்கும் எளிய ஆங்கிலச் சொற்களைச் சேர்த்தமை தேர்ந்த உபாயம் என்றே கொள்ளத்தக்கது. முன்பாதி நம்பிக்கையைத் தந்தது. பின்பாதி அச்சத்தைப் போக்கியது.

ஆயினும் கார்கில்ஸின் உண்மையான வர்த்தகநாமப் பணி பெயர்ப்பலகையிலிருந்து வெகு தொலைவில், மலைநாட்டு மரக்கறித் தோட்டங்களின் ஓரத்தில் நடைபெற்றது. 1999 இல் ஹங்குராங்கெத்தவில் அது ஆரம்பித்த சேகரிப்பு நிலையம், அதாவது விவசாயி தன் விளைச்சலைத் தரகர் எவருமின்றி நேரே கொண்டுவந்து தரம் பிரித்து, நிறுத்து, விற்கும் இடம், அந்நாள் வரை வழக்கிலிருந்த முறையிலிருந்து பெரிதும் மாறுபட்டது. மரக்கறி சாக்குகளில் அடைக்கப்பட்டு, லொறிகளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, மொத்தச் சந்தைகளிற் கைமாறிக் கைமாறி நகரத்தை அடையும்போது அதன் ஒரு பங்கு நசுங்கி அழுகிவிடும். அந்த இழப்பு விவசாயி பெறும் விலையைக் குறைப்பதோடு வாங்குபவர் செலுத்தும் விலையையும் கூட்டும். சாக்குக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் கூடைகளைப் பயன்படுத்தியமை சிறு மாற்றம்போலத் தோன்றினும், கடைத் தட்டில் கிடக்கும் கோவாவின் வெளியிலை கிழியாமல் வந்து சேர்வதற்கு அதுவே காரணம். விளம்பரங்களில் எல்லோரும் ‘புதியது’ என்றே சொல்கின்றனர். அச்சொல்லுக்குப் பின்னால் ஒரு கொள்முதல் ஒழுங்கை நிறுத்தியபின் அதனைச் சொல்லத் தொடங்கிய நிறுவனம் என்ற வகையில் கார்கில்ஸ் இங்கே முதலிடம் பெறுகின்றது. 25 மாவட்டங்களிலும் கிளைபரப்பியுள்ள அதன் கடைமுகப்புகள் அழகானவை என்று சொல்வதற்கில்லை. சிவப்பின் மிகுதியும் விலைக்கழிவு அறிவித்தல்களின் நெரிசலும் கண்ணை உறுத்துவன. ஆனால் அந்த நெரிசலே ‘இங்கு உள்ளே வரலாம்’ என்ற செய்தியைச் சொல்லிவிடுகின்றது.

கீல்ஸின் பாதை இதற்கு மறுதலையானது. ஜோன் கீல்ஸ் குழுமம் தேயிலைத் தரகு, கப்பற்றுறை, விடுதிகள் எனப் பல துறைகளிற் கால்பதித்தது. அதன் சில்லறை வணிகப் பிரிவு ‘கீல்ஸ் சுப்பர்’ என்ற பெயரில் நெடுங்காலம் இயங்கியபின், 2018 இல் தன் தோற்றத்தை அடியோடு மாற்றியமைத்தது. ‘சுப்பர்’ நீங்கிக் ‘கீல்ஸ்’ மட்டும் எஞ்சியது. முகப்பும் உள்ளரங்கும் பச்சை நிறத்தைத் தழுவின. மரக்கறி, பழங்கள், கடையிலேயே சுடப்படும் பாண் ஆகியவை முன்னிறுத்தப்பட்டன. இவ்வாறு பழைய நாமத்தின் பெயரையும் நிறத்தையும் எழுத்தையும் மாற்றிப் புதிய பொருளை ஏற்றும் முயற்சி மறுநாமமிடல் எனப்படும். பெரும்பாலான மறுநாமமிடல்கள் புதுப் பலகையோடு நின்றுவிடுவதுண்டு. கீல்ஸ் தன் வெளிச்சம், தட்டுகளின் உயரம், நடைவழியின் அகலம் என்பவற்றையும் சேர்த்தே திருத்தியமையால், வடிவமைப்பு என்ற அளவில் இந்நாட்டுக் கடைகளுள் இதுவே நிறைவானது என்று தயக்கமின்றிக் கூறலாம். எழுத்துகளுக்கு இடையே மூச்சுவிட இடம் இருக்கின்றது. கண் எங்கு செல்லவேண்டும் என்பதை யாரோ சிந்தித்திருக்கின்றனர். இத்தகைய ஒழுங்கிற்கு ஒரு விலையும் உண்டு. துப்புரவான, அளவான அலங்காரம் எவ்வளவு சிக்கனமானதாயினும் அது விலைகூடிய இடம் என்ற எண்ணத்தை எழுப்பிவிடும். எனவே இரு கடைகளிலும் ஒரே பருப்பு ஒரே விலைக்குக் கிடைத்தாலும், கையிற் காசு குறைந்தவரின் கால் பெரும்பாலும் நெரிசல் உள்ள கடையை நோக்கியே திரும்பும்.

இவ்விரு நிறுவனங்களின் போட்டியை முழுமையாக விளங்கிக்கொள்வதற்குக் குளிர்பெட்டியின் முன் நிற்கவேண்டும். கார்கில்ஸ் குழுமத்திடம் ‘மஜிக்’ ஐஸ்கிறீமும் ‘கிஸ்ட்’ ஜாமும் உள்ளன. கொத்மலைப் பாற்பண்டங்களும் 2010 இல் அதன் கைக்கு வந்தன. கீல்ஸ் கடைகளை நடத்தும் நிறுவனமோ ‘எலிபன்ட் ஹவுஸ்’ ஐஸ்கிறீமையும் நெக்டோ, ஜிஞ்சர் பியர் போன்ற குளிர்பானங்களையும் தயாரிக்கும் சிலோன் கோல்ட் ஸ்டோர்ஸின் துணை நிறுவனம். அந்தத் தாய் நிறுவனத்தின் வேர் 1866 இல் கொழும்பிலே ஐஸ்கட்டி விற்ற கம்பனியில் உள்ளது. ஆக, கடை என்பது பிறர் பண்டங்களை விற்கும் நடுநிலையான இடம் என்ற தோற்றம் பாதி மாயமே. எந்தப் பண்டம் கண்ணின் உயரத்தில் நிற்கும், எது முழங்காலின் உயரத்திற்கு இறங்கும் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் வர்த்தகநாமத்தின் கண்ணுக்குப் புலப்படாத பகுதி. இதனோடு, அரிசி, பருப்பு, கைதுடைக்கும் காகிதம் முதலியவற்றைப் பிறரிடம் செய்வித்துத் தன் பெயரில் விற்கும் சொந்தப்பெயர்ப் பண்டங்களையும் சேர்த்துப் பார்த்தால், நிறம் தெரிவுசெய்த ஓவியரைவிடத் தட்டு ஒதுக்கும் முகாமையாளரே பெரிய கலைஞர் என்று தோன்றும்.

ஆர்பிகோவைப் பற்றி நீளப் பேசவேண்டியதில்லை. அதன் உரிமையாளரான ரிச்சட் பீரிஸ் கம்பனி 1932 இல் தொடங்கியது. இறப்பர், மெத்தை, தண்ணீர்த் தாங்கி, பிளாஸ்டிக் கதிரை என்பவற்றால் வீடுதோறும் அறிமுகமான அதன் பெயர், பெரிய வாகனத் தரிப்பிடத்துடன் கூடிய விசாலமான கடைக்குத் தானாகவே பொருந்திவிட்டது. எரிவாயுச் சிலிண்டரால் அறிமுகமான லாஃப்ஸ் தன் பெயரை உணவுக் கடைக்குக் கொண்டுவந்தபோது அவ்வளவு இலகுவாகப் பொருந்தவில்லை; எரிவாயுவை நினைவூட்டும் பெயரின் கீழ் கத்தரிக்காய் வாங்குவதற்கு மனம் சற்று இணங்கவேண்டும்.

சதொசவின் நிலை இவை யாவற்றிலிருந்தும் வேறுபட்டது. 1949 இன் சட்டத்தால் உருவான கூட்டுறவு மொத்த விற்பனை நிலையத்தின் சிங்களப் பெயர்ச் சுருக்கமே அதன் பெயர். இன்றைய லங்கா சதொச 2005 இல் அமைக்கப்பட்ட அரச கம்பனி. அதன் கடைகளில் அலங்காரம் குறைவு; பணியாளர் சீருடையோ வெளிச்சமோ எவரையும் கவரும் நோக்கில் அமைந்தவையல்ல. எனினும் அரிசி, சீனி, பருப்பு ஆகியவற்றின் விலையைக் குறைத்துச் சதொச அறிவித்தல் விடுத்தால் அது செய்தித்தாளில் முன்பக்கச் செய்தியாகின்றது. சந்தை விலை நியாயமானதா என்பதை மக்கள் அந்த விலையைக் கொண்டே அளக்கின்றனர். கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தை எட்டிய 2022 செப்டம்பர் வரையான மாதங்களில், தனியார் கடைகள் ஒருவருக்கு இத்தனை பொதி மட்டுமே என்று எழுதி ஒட்டியபோது, பச்சையும் சிவப்பும் பேசிய மொழி எடுபடவில்லை. விலையும் இருப்புமே பேசின. வடிவமைப்பாளர் எவரும் கைவைக்காத ஒரு நாமம் விலையளவுகோலாக நிலைத்திருப்பதை இத்துறையினர் போதியளவு கவனித்ததாகத் தெரியவில்லை.

வடக்கில் இந்த நாமங்களுக்கு இன்னொரு பொருள் ஏறியது. 1990களின் பொருளாதாரத் தடையில் சவர்க்காரமும் மின்கலமும் மண்ணெண்ணெயும் அரிதாயிருந்த யாழ்ப்பாணத்துக்கு, யுத்தம் முடிந்து நான்கு ஆண்டுகளின் பின், 2013 இல் கார்கில்ஸ் ஸ்குவயர் வந்தபோது, அதன் நிறைந்த தட்டுகள் எந்த விளம்பரத்தையும்விட உரக்கப் பேசின. ஆனால் அங்குள்ள விளம்பரத் தமிழ் பெரும்பாலும் கொழும்பில் வேறு மொழியிற் சிந்திக்கப்பட்டு ஈற்றில் ஒட்டப்பட்ட தமிழாகவே உள்ளது. யாழ்ப்பாணத்துச் சமையலறையை அறிந்த ஒருவர் எழுதியிருக்கக்கூடிய ஒரு வரியைக்கூட அவற்றிற் காண்பது கடினம். விளம்பரம் எம்மொழியில் இருப்பினும், வாடிக்கையாளரை மீண்டும் அழைப்பதற்கு இக்கடைகள் கையாளும் கருவி விசுவாச அட்டை, அதாவது ஒவ்வொரு கொள்வனவுக்கும் புள்ளிகள் சேர்த்து, பின்னர் அப்புள்ளிகளைப் பணம்போலச் செலவிட இடந்தரும் ஏற்பாடு; கீல்ஸின் ‘நெக்சஸ்’ இதற்கு நன்கறியப்பட்ட உதாரணம். தொலைபேசி இலக்கத்தைச் சொன்னதும் கணினித் திரையில் வாங்குபவரின் பெயர் தோன்றுகின்றது. 1957 முதல் நாடெங்கும் அமைந்த பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களின், ஊர்வழக்கிற் சங்கக்கடை எனப்பட்ட, கடைகளிலும் வாங்குபவருக்கு ஓர் இலக்கம் இருந்தது. அது அங்கத்துவ இலக்கம், பங்குப்பணம் செலுத்திப் பெற்றது, பொதுக்கூட்டத்தில் நிருவாகத்தைக் கேள்வி கேட்கவும் தெரிவுசெய்யவும் உரிமை தந்தது. நெக்சஸ் புள்ளிகளுக்கு வாக்குரிமை கிடையாது.