முதல் சாக்கெட்டில் எந்த டியூப்?

"ஆம்ப்ல ஒரே இரைச்சல், எந்த டியூப் வாங்கலாம்?" இதுதான் என்கிட்ட அடிக்கடி கேட்கிற கேள்வி. நானும் இதுல ஏமாந்தவன்தான்.

ஒரு மெல்லிசான பாட்டு ரெக்கார்டிங். கிட்டாரைத் தொடாதப்பவும் பின்னாடி 'ஸ்ஸ்ஸ்'. பதறிப்போய், 'லோ நாய்ஸ்'னு லேபிள் ஒட்டின பழைய ஸ்டாக் வாங்கி மூணு ப்ரீஆம்ப் டியூபையும் மாத்தினேன். பாதிச் சம்பளம் போச்சு, இரைச்சல் போகலை.

அப்புறம்தான் புரிந்தது. முதல் டியூபோட இரைச்சலைத்தான் அடுத்தடுத்த ஸ்டேஜ் எல்லாம் பெருக்குது. கடைசி ஃபேஸ் இன்வெர்ட்டர்ல கொஞ்சம் இரைச்சலான டியூப் இருந்தாலும் பெரும்பாலும் காதுக்கே தெரியாது. அதனால கையில இருந்த 12ஏஎக்ஸ்7 எல்லாத்தையும் ஒவ்வொன்றாக முதல் சாக்கெட்டில் போட்டேன். (அணைச்சு, ஆறவிட்டு மாத்துங்க!) கிட்டார் கேபிளைக் கழட்டிட்டு, வழக்கமா வாசிக்கிற வால்யூம்ல கேட்கணும். அப்புறம் பென்சிலால மெதுவா ஒரு தட்டு. 'டொக்'னா பரவாயில்லை. மணி மாதிரி நீண்டு ஒலிச்சா, ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருக்கிற காம்போவுக்கு அது ஆகாது. அந்த அதிர்விலேயே கத்த ஆரம்பிச்சிடும்.

கெயின் குறைந்த 5751 போட்டாலும் இரைச்சல் குறையும். கூடவே டிரைவும் குறையும், எனக்கு அது பிடிக்கலை.

எந்த டியூப் போட்டாலும் அதே இரைச்சலா? ரெசிஸ்டர் மேல சந்தேகப்படுங்க. டெக்னீஷியன்கிட்ட கொடுத்திடுங்க, அணைச்ச பிறகும் உள்ளே ஹை வோல்டேஜ் நிற்கும்.

என் ஆம்ப்ல ஜெயிச்சது எது தெரியுமா? ஃபேஸ் இன்வெர்ட்டர்ல இருந்து கழட்டிப் போட்ட, ஆம்ப்கூடவே வந்த சாதா டியூப். காஸ்ட்லியானது இப்போ அதோட இடத்துல உட்கார்ந்திருக்கு.