மறதியும் மூச்சும்
(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரை)

 

நம் ஆகமம் பத்துப் பிராணன்களை வகுத்துரைக்கிறது. ஐம்பொறிகள் ஐந்து, மனம், மொழி, மெய் என்னும் மூவகை வலிமைகள், உயிர்ப்பாகிய மூச்சு, ஆயுள். இவை ஒன்றையொன்று தாங்கி நிற்பதை நூலில் கற்றதினும் என் அன்னையாரின் அருகிருந்தே மிகுதியாகக் கற்றேன்.

அன்னையாருக்கு வந்தது அல்சைமர் நோய். 1906ஆம் ஆண்டு செருமானிய மருத்துவர் அலோயிஸ் அல்சைமர் எடுத்துரைத்த இந்நோய் நினைவை மட்டுமே அரிக்கும் என்று எண்ணியிருந்தோம். வழி தவறுவாரோ, இடறி விழுவாரோ என்று அஞ்சி அவரை நாற்காலியிலேயே அமர்த்தி வைத்தோம். நீர்க்குவளையைக்கூட அவர் எழுந்து எடுக்க விட்டதில்லை. அதனை அன்பு என்றே கருதினோம். ஓராண்டுக்குள் கால்கள் வலுவிழந்தன, குரல் சிறுத்தது, இருமிச் சளியை வெளியேற்றவும் ஆற்றலின்றிப் போயிற்று. இறுதியில் நிமோனியா என்னும் நுரையீரல் அழற்சியே அவரைக் கொண்டு சென்றது. இந்நோயாளர் பலர்க்கும் முடிவு இவ்வாறே நேர்கிறது என்பதைப் பின்னரே அறிந்தேன்.

உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள மூளை, உடல் செலவிடும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 விழுக்காட்டைத் தானே கொள்கிறது. அதனை உள்ளிழுத்துத் தருவது நுரையீரல். மூச்சிழுப்பதோ தசைகளின் தொழில். நடவாத உடலில் அத்தசைகளும் மெலியும், மூச்சின் ஆழம் குறையும், சளி தேங்கும். நோய் முற்றுங்கால் விழுங்குதல் தடுமாறி, உணவும் உமிழ்நீரும் மூச்சுக்குழலுள் புகக்கூடும். அப்போது இருமும் வலிமையே காவல்.

ஆகவே, மருத்துவரைக் கேட்டு, இயன்ற அளவு அவர்களை நடக்க விடுங்கள். கைப்பற்றி ஜினாலயத்தை வலம்வரச் செய்யுங்கள். "மூச்சை இழுங்கள்" என்னும் சொல் அவர்களுக்கு விளங்காமற் போகலாம். எதிரே அமர்ந்து செய்து காட்டுங்கள். இளமையில் பயின்ற பஞ்ச நமஸ்காரம், பிள்ளைகளின் பெயர் மறந்த பின்னும் பலர் நாவில் நிற்கும். அதனை மூன்று மூச்சில் ஓதுவது நம் மரபு. ஒன்பது முறை ஓதினால் 27 மூச்சு. இதனினும் இயல்பான மூச்சுப் பயிற்சி அவர்களுக்கு வேறில்லை. உணவை நிமிர்ந்து அமரச் செய்து, சிறு கவளங்களாக ஊட்டுங்கள். உண்டவுடன் படுக்க விடாதீர்கள்.

இவை நோயைத் தீர்க்கா. ஆயினும் எஞ்சிய நாள்களைத் தம் காலால் நடந்து கழிக்கும் பெருமையை அவர்களுக்கு நல்கும்.

கவனமின்மையால் பிராணன்களுக்கு ஊறு விளைத்தலே இம்சை என்று தத்துவார்த்த சூத்திரம் இலக்கணம் வகுக்கிறது. எறும்புக்கும் வழிவிட்டு நடக்கும் நாம், இல்லத்து முதியோரின் பிராணன்களை நாற்காலியில் வாடவிடலாமா? என் பிழை உங்கள் இல்லத்தில் நேராதிருக்கவே இதனை உரைத்தேன்.

அறம் வளர்க!