கருவி ‘அறியேன்’ என்று சொல்லும்போது



மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒவ்வொரு படுக்கையின் தலைமாட்டிலும் மானிட்டர் என்னும் கருவி இருக்கக் கண்டிருப்பீர்கள். இதயத் துடிப்பின் அலைக்கோடு, இரத்தத்தில் ஆக்சிஜனின் அளவு, இரத்த அழுத்தம், மூச்சின் எண்ணிக்கை ஆகியவை அதன் திரையில் தோன்றும். குறித்த எல்லையை அவற்றுள் ஒன்று கடந்தால் கருவி ஒலி எழுப்பும். இஃது எல்லாரும் அறிந்ததே. ஆனால், அவ்வொலிகள் இருவகைப்படும் என்பதைப் பலர் அறியார்.

துடிப்பு மிகுந்தது, ஆக்சிஜன் குறைந்தது என்பன போன்றவை நோயாளியைப் பற்றிய செய்திகள். மற்றொரு வகை, கருவி தன்னைப் பற்றியே சொல்லிக்கொள்வது. ஈ.சி.ஜி. ஒட்டு கழன்றுவிட்டது, விரலிற் பொருத்திய கவ்வி நழுவிவிட்டது, இரத்த அழுத்தப் பட்டையில் காற்றுக் கசிகிறது, பேட்டரி தீரப்போகிறது என்பன அவ்வகையின. இவற்றைத் தொழில்நுட்ப எச்சரிக்கைகள் என்பர். மருத்துவக் கருவிகளின் எச்சரிக்கைகளுக்கென 2003இல் முதன்முதல் வெளியான ஐ.இ.சி. 60601-1-8 என்னும் அனைத்துலகத் தரவிதியும் இவ்விரண்டையும் வேறு வேறாகவே கொள்கிறது.

கருவியின் கோளாறுதானே என்று இரண்டாம் வகையை எளிதாக எண்ணிவிடலாகாது. ஒட்டு கழன்ற நேரம் முழுவதும் அந்த இதயத்தைக் கருவி காணவில்லை. அப்போது துடிப்புத் தடுமாறினாலும் அதற்கென ஓர் ஒலி எழாது. வகுப்பில் பெயர் கூப்பிடும்போது ஒரு மாணவனிடமிருந்து குரல் வரவில்லை எனின், ஆசிரியர் உடனே ‘வரவில்லை’ என்று எழுதிவிடுவதில்லை. தலை நிமிர்ந்து அவன் இடத்தைப் பார்ப்பார். மருத்துவமனையிலும் முறை அதுவே. முதலில் நோயாளியின் முகம், மூச்சு, நாடி, பின்னரே கம்பி. திரையில் கோடு நேராகிவிட்டால் இதயம் நின்றதாகவும் இருக்கலாம், ஒட்டு கழன்றதாகவும் இருக்கலாம். அதனைத் திரையைப் பார்த்தே முடிவு செய்தல் தகாது.

நோயாளி நலமாக இருப்பின், காரணத்தை அவர் உடலிலிருந்து தொடங்கிக் கருவிவரை தேடுவர். ஈ.சி.ஜி. ஒட்டின் கூழ் உலர்ந்திருக்கும். அல்லது வியர்வையால் பிடிப்பு விட்டிருக்கும். தோலைத் துடைத்து உலர்த்திப் புதிய ஒட்டு வைத்தால் பெரும்பாலும் தீரும். விரற்கவ்வியின் செய்தி இன்னும் சுவையானது. ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி கண்ட நெறியில் இயங்குவது அது. சிவப்பொளியையும் அகச்சிவப்பொளியையும் விரலினூடே செலுத்தி, நாடித்துடிப்போடு மாறும் பகுதியை மட்டும் பிரித்துக் கணக்கிடுகிறது. ஆகவே நாடி எட்டாவிடில் கணக்கும் இல்லை. குளிர்ந்த விரல், நகப்பூச்சு, கை நடுக்கம் ஆகியவை தடையாகலாம். சில வேளை குறித்த இடைவெளியில் எச்சரிக்கை எழுந்து தானே அடங்கும். பார்த்தால், இரத்த அழுத்தப் பட்டையும் அதே கையிலேயே கட்டியிருக்கும்! பட்டை இறுகும்போது விரலுக்கு இரத்தம் செல்வது தடைப்படுகிறது. கவ்வியை மறு கைக்கு மாற்றினால் போதும்.

இத்துணை எளியவற்றை ஏன் விரிக்கிறேன் எனில், அவற்றின் எண்ணிக்கை எளியதன்று. சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக மருத்துவமனையின் ஐந்து தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், 77 படுக்கைகளில், 31 நாளில் இருவகையும் சேர்த்து 25,58,760 எச்சரிக்கைகள் பதிவாயின என்று 2014இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. ஒலித்தவை மட்டுமே நாளொன்றுக்குப் படுக்கை ஒன்றுக்கு 187. செவி மரத்துப்போவதில் வியப்பென்ன? அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தகுதிச் சான்று வழங்கும் ஜாயின்ட் கமிஷன் 2013இல் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. 2009 சனவரி முதல் 2012 சூன் வரை எச்சரிக்கை ஒலிகள் தொடர்பாகத் தனக்கு வந்த 98 நிகழ்ச்சிகளுள் 80இல் நோயாளி உயிரிழந்ததாக அதில் காண்கிறோம். செவிலியரைக் குறை கூறுவது எளிது; உலர்ந்த ஒட்டை உரிய காலத்தில் மாற்ற ஆளும் பொருளும் தருவது கடினம்.

உங்களுள் சிலர் உற்றார்க்குத் துணையாக அப்படுக்கையருகே அமர நேரிடலாம். ஒலியை நிறுத்தும் பொத்தானை நீங்கள் அழுத்த வேண்டா. அது ஒலியைச் சிறிது நேரம் அடக்குமேயன்றி, கழன்றதைப் பொருத்தாது. செவிலியரை அழையுங்கள். அவர் வந்ததும், திரையில் எழுந்த சொற்களையும், அப்போது நோயாளி புரண்டாரா, இருமினாரா, கையை அசைத்தாரா என்பதையும், கண்டவாறே கூறுங்கள்.