பரீட்சைக்கு ஓர் அறிவு, வீட்டுக்கு ஓர் அறிவா?

(தென்காசியில் பெற்றோர் கூட்டமொன்றில் நாம் பேசியதன் சாரம்)



பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் "எத்தனை மார்க்கு?" என்று கேட்கிறோம். "என்ன படித்தாய்?" என்று நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்?

பத்தாம் வகுப்புக்குப் பாடம் ஐந்து. தமிழ், இங்கிலீஷ், கணக்கு, விஞ்ஞானம், சமூகவியல். ஒவ்வொன்றுக்கும் 100 மார்க்கு; 35 வாங்கினால் பாஸ். இந்தப் பொதுப் பாடம் நமக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை. நம் பக்கத்துச் சேரன்மாதேவி குருகுலத்தில் 1920-களில் பார்ப்பனப் பிள்ளைக்குத் தனிப் பந்தி போட்டார்கள். 1953-இல் பாதிநாள் படிப்பு, மீதிநேரம் அப்பன் தொழில் என்று திட்டம் போட்டார்கள். எதிர்ப்புக்குப் பின் 1954-இல் அது ஒழிந்தது. அதன்பின்னும் நாலு வகைப் பாடத்திட்டம் இருந்தது. 2010-இல் சமச்சீர்க் கல்விச் சட்டம் வந்து, 2011-இல் சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்புக்குப் பிறகே ஒரே பாடத்திட்டம் நிலைத்தது.

இவ்வளவு பாடுபட்டுப் பெற்ற பாடத்தை என்ன செய்கிறோம்?

விஞ்ஞானப் புஸ்தகம், சூரியனுக்கும் பூமிக்கும் நடுவே சந்திரன் வருவது சூரிய கிரகணம் என்கிறது. வெறுங்கண்ணால் சூரியனைப் பார்க்காதே, கண் கெடும் என்று காரணத்தோடு எச்சரிக்கிறது. பிள்ளை அதை எழுதி மார்க்கு வாங்குகிறான். கிரகணத்தன்று அவன் வீட்டிலே அடுப்பு அணைகிறது. கர்ப்பிணி அக்காள் பட்டினியாக அறைக்குள் கிடக்கிறாள். இரண்டில் எது பொய்? புஸ்தகம் பொய்யென்றால் மார்க்கு எதற்கு? மெய்யென்றால் அவளுக்குப் பட்டினி எதற்கு?

கணக்கிலே வட்டி படிக்கிறான். மகளின் சடங்குக்கு நாம் வாங்கும் 10,000 ரூபாய்க்கு மாதம் நூற்றுக்கு 5 வட்டியென்றால், வருஷத்துக்கு வட்டி மட்டும் 6,000 ரூபாய். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுமுன் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுக் கணக்குப் போடச் சொன்னோமா?

சமூகவியல் என்ன சொல்லுகிறது? தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு மேற்கே மழையைக் கொட்டிவிடும். கிழக்கே மழை குறைவு என்கிறது. "அப்படியானால் மலைக்குக் கிழக்கேயுள்ள நம் குற்றாலத்தில் ஆனியிலும் ஆடியிலும் சாரல் அடிப்பானேன்?" என்று ஒரு பிள்ளை கேட்டால், அவனை அதிகப்பிரசங்கி என்று உட்கார வைக்காதீர்கள். அவன்தான் பாடம் படித்தவன்! செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவில் மலை தாழ்ந்து கணவாயாக இருக்கிறது. அவ்வழியே ஈரக்காற்று நுழைகிறது, சாரல் விழுகிறது. இதற்கு யாகமும் வேண்டாம், வருணஜபமும் வேண்டாம்.

தமிழ்ப் பாடத்தில் திருக்குறள் இருக்கிறது. யார் சொன்னாலும் மெய்யெது என்று ஆராய்ந்து பார் என்பதே அதன் போதனை. அதையும் மனப்பாடமாக்கி நிறுத்திவிட்டோம். இங்கிலீஷோ உலகத்தார் எழுதியதைப் படிக்க ஒரு சாவி, ஜம்பத்துக்குப் பேசுவதற்கல்ல.

ஆகவே தோழர்களே, நாம் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். இன்றிரவு உங்கள் பிள்ளையை ஒரு பாடம் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். எழுத்தறியாதவர்களும் கேட்கலாம், அதில் வெட்கமில்லை. அடுத்த கிரகணத்தன்று அடுப்பு எரியட்டும், அந்தக் கர்ப்பிணி வயிறாரச் சாப்பிடட்டும். பெண்ணின் படிப்பைப் பாதியில் நிறுத்தாதீர்கள். இந்த ஐந்து பாடமும் அடுப்பங்கரை வரையில் வந்து சேர வேண்டுமானால், அதைக் கொண்டு வரப்போகிறவள் அவள்தான்.