ஒரு பிரதி போதாது



கொழும்பிற் பிறந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி அவர்கள், இத்தீவின் கைவினைகளை நேரிற் கண்டு ஆராய்ந்து எழுதிய 'இடைக்காலச் சிங்களக் கலை' என்னும் ஆங்கில நூல் 1908ஆம் ஆண்டில் அச்சேறியது. வெளிவந்தவை 425 பிரதிகளே. எந்தக் கைவினைஞரைப் பற்றி அந்நூல் பேசிற்றோ, அவருள் எத்தனை பேர் அதனைக் கண்ணாற் கண்டிருப்பர்?

இன்று அந்நிலை மாறுகின்றது. நியூயோர்க் மெற்றோபொலிற்றன் நூதனசாலை, 2017ஆம் ஆண்டில் ஏறத்தாழ 3,75,000 படங்களைக் கட்டணமின்றி எவரும் எடுத்தாள இணையத்திலே வெளியிட்டது. நம்மவர் 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகமும் ஈழத்து ஏடுகளை இலவசமாகவே வழங்குகின்றது.

"படம் மூலப்பொருளாகுமோ?" எனச் சிலர் வினவுவர். ஆகாதுதான். ஆனால், 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறு பிரதியில்லாதவை மீளவேயில்லை.

மிஷன் பாடசாலையிற் பயின்ற யாம் ஐரோப்பிய ஓவியங்களைப் பாடநூலிற் கண்டோம். அயற்கோயிலின் தேர்ச் சிற்பத்தை எந்த நூலிலும் கண்டிலோம். அக்குறை நீங்க வேண்டும். பெரியோர்களே, உங்கள் பெட்டகங்களிலுள்ள கும்பாபிஷேக மலர்களையும் பழைய தேர்ப் படங்களையும் ஒருநாள் இரவல் தாருங்கள்; படியெடுத்து மறுநாளே ஒப்படைப்போம். செய்தவர் யார், எந்த ஆண்டு என்பவற்றையும் கூறுங்கள். இடமும் காலமும் குறியாத படம் ஆராய்ச்சிக்கு உதவாது. இளைஞர்காள்! அவற்றை எழுதிக்கொள்ளும் பணி நம்முடையது. பொருள் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். அதன் காட்சி எல்லோர்க்கும் உரியதாகட்டும்.